வரிசையின் உயரம்

கட்டத்தின் கோட்டில் எழுத்து முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. சிலருக்குச் சுவரில் கோணலாகத் தொங்கும் படம் அப்படி. எனக்கு அட்டவணை. சிரிக்கலாம், ஐயா. தொழிற்சாலையில் இத்தனை வருஷம் எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது இந்த உறுத்தல்தான்.

கொதிகலனைச் சோதிக்கும் இன்ஜினியர் பார்த்ததையெல்லாம் ஒரு டேப்லெட்டில் தட்டுவார். கம்ப்யூட்டர் அதைத் தானாகவே அறிக்கையாக்கி எனக்கு அனுப்பும். வந்து சேரும்போது கண்றாவியாக இருக்கும். ஒரு கட்டத்தில் ஆளே படுக்கலாம், அடுத்ததில் எறும்பு நுழையாது. நான் இடைவெளி கொடுத்து, அகலத்தைப் பங்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் உட்கார வைப்பேன். ஒரே பக்கம் என்பது மேனேஜர் உத்தரவு. "ரெண்டாவது பக்கத்தை எவன்யா புரட்டுறான்?" என்பார். அவர் புரட்டியதே இல்லை.

இன்ஜினியருக்குச் சுருக்கமாக எழுத வராது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் கதையே எழுதுவார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை பணிவாகத்தான் கேட்டேன். "கோடு போடுறது உன் வேலை. அதை மட்டும் பாரு" என்றார், கேன்டீனில், எல்லோர் முன்னாலும். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று அவர் போட்டிருந்தது நீலச் சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை, அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

அடுத்து வந்த அறிக்கையிலும் குறிப்பு வழிந்தது. கடைசி வரிசை மறுபக்கத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. இன்ஜினியரோ அதற்குள் வேறொரு ஆலைக்குக் கிளம்பிவிட்டார். குறிப்பு வரிசையின் உயரத்தை ஒரு வரிக்கு மட்டும் என்று பூட்டினேன். பக்கம் அடங்கியது. பக்கத்து மேசைப் பெண் பிரிண்டரிலிருந்து தாளை எடுத்து வந்தாள்.

"அண்ணே, இதுல இன்னும் ஏதோ எழுதியிருந்துச்சே?"

"இப்பவும் இருக்கும்மா. கட்டத்துக்குள்ள இருக்கு."

"தாள்ல தெரியலையே."

"தெரிய வேண்டியது தெரியுது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. விசாரணை என்று அவளை அழ வைத்தீர்களாம். வேண்டாத வேலை.

தாளில் தெரிந்தது, 'அழுத்தம் சீராக உள்ளது.' தெரியாமல் போனது, 'பாதுகாப்பு வால்வு இறுகிவிட்டது. மாற்றும்வரை கொதிகலனை இயக்கக் கூடாது.' நான் ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை. கோப்பைத் திறந்து அந்த வரிசையைக் கீழே இழுத்துப் பாருங்கள், முற்றுப்புள்ளி உட்பட இருக்கும். அழிப்பதற்கும் அடுக்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் நான் என்ன பேசுவது?

கொதிகலனை இயக்கியவன் என் மனைவியின் தம்பி. ஆள் வாசலில் குனிந்துதான் வருவான், ஆனாலும் வீட்டில் அவனுக்குப் பேர் குட்டி. மறுநாள் காலை பற்றவைப்பதற்கு முன் எனக்குப் போன் செய்தான்.

"மச்சான், ரிப்போர்ட் உங்க கை வழியாத்தானே வந்துச்சு?"

"ஆமா."

"வால்வைப் பத்தி ஏதாவது எழுதுவாருன்னு நெனச்சேன். எனக்கே கொஞ்சம் இறுக்கமாப் பட்டுச்சு. இதுல ஒண்ணையும் காணோம்."

"காணோம்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"நீங்க சொன்னாச் சரி."

அப்போது எனக்குத் தெரியுமா என்றுதானே இத்தனை நாளாகச் சுற்றி வளைக்கிறீர்கள். நேராகவே கேட்டிருக்கலாம். தெரியும். உயரத்தைப் பூட்டுவதற்கு முன்பே முழுக்கப் படித்தேன். அவன் பேசும்போது அந்தக் கோப்பு என் எதிரில் திறந்தே இருந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாளைத் திரும்ப வாங்க வேண்டும். மேனேஜர் ஏன் என்பார். கோடுகூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று கேன்டீனில் அந்த மனுஷர் இன்னொரு தடவை வாய் திறப்பார். அதற்கு நான் இடம் கொடுப்பேனா? இன்றைக்கும் கொடுக்க மாட்டேன்.

கூரை பறந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குட்டியோடு இன்னும் இரண்டு பேர். யாரையும் அடையாளம் காட்டக்கூட முடியவில்லை.

என் மனைவி தம்பியின் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்குப் போன் பண்ணினானாமே. என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். "தாள்ல இருந்ததைத்தான் சொன்னேன்" என்றேன். அவள் தலையாட்டினாள், பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளிடம் இதுவரை நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.