நாலும் ஒம்பதும் ஒரே பறவை

கண்ணையன்: அசையாத அக்கா. தூரக்கண்ணாடி ஆடுது.

ஜெகதாம்பாள்: ஆடுறது என் தோளு இல்லடா, உன் கை. மாதா கோயில் சாமியாரு நம்பிக் குடுத்தத ஏரியில போட்டுடாத.

கண்ணையன்: போட்டா ஏலாக்குறிச்சிக்கு நீயே போயி பதில் சொல்லு... இரு, இரு. நம்ம நோட்டுல ஒம்பதாம் நம்பரு போட்ட உள்ளான் சேத்துல மேயுது. செங்கல் நெறத்துல.

ஜெகதாம்பாள்: நோட்டுல எழுதட்டா?

கண்ணையன்: எழுது. சித்திர மூணு. செவப்பு உள்ளான், ஆறு.

ஜெகதாம்பாள்: நாலாம் நம்பரு?

கண்ணையன்: சாம்ப உள்ளானா? ரெண்டுதான். நாளுக்கு நாள் கொறஞ்சிட்டே போவுது.

ஜெகதாம்பாள்: அது கொறயக் கொறய இது கூடுது. கவனிச்சியா?

கண்ணையன்: அதுக்கு?

ஜெகதாம்பாள்: கோடியில தனியா ஒண்ணு நிக்குதே, அதப் பாரு. முதுகு சாம்பல். நெஞ்சுல திட்டுத் திட்டா செவப்பு. அத எந்த நம்பருல எழுதறது? சொல்லுங்க தொர.

கண்ணையன்: இரு... மூக்கு ரெண்டுக்குமே நுனியில வளஞ்சிருக்கு. பறந்தா வாலுக்கு மேல வெள்ள... அதுவும் ரெண்டுக்கும்...

ஜெகதாம்பாள்: ஒரே பறவைக்கு ரெண்டு நம்பரு போட்டிருக்க!

கண்ணையன்: அடச்சே! அப்ப உள்ளான்ல பதினோரு வகை இல்ல, பத்துதான்.

ஜெகதாம்பாள்: தை மாசம் பன மரத்தச் சுத்துன உழவாரன் குருவியெல்லாம் தகைவிலான்னு சாதிச்ச ஆளு நீ.

கண்ணையன்: ரெண்டும் ஒரே மாதிரிதானே பறக்குது!

ஜெகதாம்பாள்: தகைவிலான் தந்திக் கம்பியில வரிசையா ஒக்காரும். உழவாரன் என்னிக்காவது ஒக்காந்து பாத்தியா?

கண்ணையன்: சரி தாயே, விடு... வரும்போது சாம்பலா வருது. ஊருக்குத் திரும்பறப்பதான் செவக்குது. ஒம்பத அடிச்சிடு.

ஜெகதாம்பாள்: நீயே அடி. உன் நோட்டு.

கண்ணையன்: இனிமே உன்னுது. உள்ளான் திரும்ப என்னிக்கி வருதுன்னு எழுதி வையி.

ஜெகதாம்பாள்: ஏன், பொன்மலை ரயில் பட்டறையில லீவே கெடையாதா?

கண்ணையன்: புது வேல... ஒடனே கேக்க முடியுமா?

ஜெகதாம்பாள்: பட்டறை வேலைக்கி நெஞ்சு அளக்குறாங்களா கண்ணையா?

கண்ணையன்: யாரு சொன்னா?

ஜெகதாம்பாள்: முப்பத்தி மூணு இஞ்சின்னு நோட்டு பின்னட்டையில நீதான எழுதி வெச்சிருக்க.

கண்ணையன்: அக்கா... பட்டாளத்துல சேந்துட்டேன்.

ஜெகதாம்பாள்: சப்பான்காரன் பர்மாவப் புடிச்சிட்டு நிக்கிறான். அவன் எதுக்கால போயி நிக்கப் போறியா?

கண்ணையன்: அம்மாகிட்ட மட்டும் சொல்லாத.

ஜெகதாம்பாள்: இன்னிக்கி அரியலூர்ல ரயிலு எத்தன மணிக்கி?

கண்ணையன்: நாலு. நீ சொன்னா அம்மா தண்டவாளத்துல போயி படுத்துக்கும்.

ஜெகதாம்பாள்: படுக்கட்டுமே.

கண்ணையன்: அக்கா... சொல்ல மாட்டல்ல?

ஜெகதாம்பாள்: கண்ணாடியக் குடு. நானும் ஒருவாட்டி பாக்கறேன்.

* * *

பச்சையம்மாள்: ஐப்பசி பாதி போயிடுச்சி ஜெகதா. தம்பி காயிதம் வந்துதா?

ஜெகதாம்பாள்: வந்திருக்கும்மா. ஒக்காரு, படிக்கிறேன். "அம்மாவுக்கும் அக்காவுக்கும் கண்ணையன் எழுதறது. பொன்மலையில சொகமா இருக்கேன்."

பச்சையம்மாள்: ம்.

ஜெகதாம்பாள்: "சாப்பாட்டுக்குக் கொறவில்ல. ஞாயித்துக்கெழம காவேரிக் கரையில நடந்தேன். இந்த வருசத்து செவப்பு உள்ளான் கூட்டமா வந்து எறங்கியிருக்கு..."

பச்சையம்மாள்: இரு. என்ன நெறம்?

ஜெகதாம்பாள்: செவப்பு.

பச்சையம்மாள்: போறப்பதான செவக்கும்? வர்றப்ப சாம்பலாத்தான வரும்?

ஜெகதாம்பாள்: உனக்கு எப்புடி...

பச்சையம்மாள்: ரயிலேறுன அன்னிக்கி, சோத்துல கை வெச்சிக்கிட்டு அதத்தான் சொன்னான். அக்காதான் கண்டுபுடிச்சான்னு சிரிச்சான். அவனா தப்பா எழுதுவான்? நீ எழுதுனது இது எத்தனாவது?

ஜெகதாம்பாள்: மூணாவது.

பச்சையம்மாள்: அவன் எழுதுனது?

ஜெகதாம்பாள்: ஆடியோட நின்னு போச்சு. ஆவணியில... தந்தி வந்துதும்மா. அவன் பொன்மலைக்கே போகல. பட்டாளத்துக்குப் போனான். பர்மா எல்லையில...

பச்சையம்மாள்: அடக்கம் பண்ணாங்களாமா?

ஜெகதாம்பாள்: பண்ணாங்களாம். யம்மா, எனக்கு அன்னிக்கே தெரியும். ஏரிக்கரையில சொன்னான். ரயிலுக்கு அஞ்சு மணி நேரம் கெடந்துது. ஓடி வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப. நான்தான் வாயத் தொறக்கல.

பச்சையம்மாள்: கண்ணத் தொடச்சிக்க.

ஜெகதாம்பாள்: நாந்தாம்மா அவன அனுப்பிட்டேன்.

பச்சையம்மாள்: நீ இல்லடி. பட்டாளத்துல சேர வயசு பத்தல, பெத்தவ சம்மதம் வேணும்னு அச்சடிச்ச காயிதத்த ஏங்கிட்டத்தான் நீட்டுனான். கைநாட்டு வெச்சேன். அக்காகிட்ட மட்டும் சொல்லாதம்மான்னான்.