புறாக்காரர் சாட்சி

— கேபிள்ல இருந்து கையை எடு, நஸீப். முதல்ல இந்த மனுஷன் பதில் சொல்லட்டும். மொட்டை மாடியில இவர் புறாக்கூண்டு வச்சாலும் வச்சார், எங்க வீட்டு இண்டர்நெட்டுக்குப் பீடை பிடிச்சுப் போச்சு.

— உம்மு நதீம், உங்க மூத்தவன் நதீம் அரை டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துலேருந்து இங்க புறா இருக்கு. இண்டர்நெட் நேத்து வந்தது.

— எப்படி வாய் பேசறார் பாத்தியா? கேபிள்காரன் நீதானே, நீ சொல்லு. இது அபு ஃபவ்வாஸோட புறா கொத்தினதுதானே?

— அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை இதே இடத்துல ஒட்டுப் போட்டேன். ஒட்டுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி, உள்ள இருக்கிற கம்பி பச்சை பூத்துப் போச்சு. அதான் வர்றதும் போறதுமா இருந்திருக்கு. இன்னைக்குச் சுத்தமா அறுந்தே கிடக்கு. மாடியிலேருந்து உங்க வீடு வரைக்கும் முழுசாப் புதுக் கேபிள் இழுத்துட்டேன். ரெண்டு முனையும் மாட்டினா வேலை முடிஞ்சுது.

— யார் உன்னை முழுசா இழுக்கச் சொன்னா? ஒட்டே போட்டிருக்கலாமே.

— உங்க ஹனீன்தான் காலையில அழுதுக்கிட்டே போன் பண்ணா. மாண்ட்ரியல் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைக்கு நாலு மணிக்கு இண்டர்வியூவாமே. ரெண்டு தடவை பேச்சு நடுவுல அறுந்துச்சு, இன்னொரு தடவை அறுந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்களாம்.

— எனக்கே சொல்றியா? பெத்தவ நான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு லாப்டாப் முன்னாடி உக்காந்திருக்கா, ஒரு வாய் ரொட்டி இறங்கல. பெய்ரூத்துல எதுடா உருப்படியா இருக்கு? கரண்ட் வராது. ஜெனரேட்டர்காரன் இஷ்டப்பட்டாப் போடுவான், இல்லாட்டி அணைப்பான். தண்ணிக்கு லாரி. அப்புறம் பிள்ளைங்க எப்படி நிக்கும்? நதீம் ஹாம்பர்க்ல, சின்னவன் சிட்னியில. அவங்க அப்பாவை அடக்கம் பண்ணப்ப ரெண்டு பேரும் இந்தப் போன்லதான் வந்து நின்னாங்க. நான் போன் கண்ணாடிக்கு முத்தம் கொடுத்துக்கிட்டு இருக்கேன். இப்ப இவ.

— அழாதீங்கக்கா.

— எவ அழறா? கோவம்டா இது.

— கோவப்படறதுல நியாயம் இருக்கு. ஆனா அபு ஃபவ்வாஸ் மேல வேண்டாம். புறா கொத்தினா மேல்தோல் பிசிறு பிசிறா இருக்கும். எலின்னா பல்லுத் தடம் தெரியும். இதைப் பாருங்க, வெள்ளரிக்காய் நறுக்கின மாதிரி ஒரே வெட்டு. யாரோ வேணும்னே வெட்டியிருக்காங்க. ஹாஜி, நீங்க நாள் முழுக்க புறாவோட இங்கதானே கிடக்கறீங்க. யாரையாவது பாத்தீங்களா?

— பாத்தேன்.

— யாரு?

— நஸீப், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அடுத்தவன் புறாவைத் தன் கூண்டுல இறக்கிட்டு, முட்டையிலேருந்து வளர்த்தேன்னு பொண்டாட்டி தலை மேல சத்தியம் பண்ற ஜாதி இது. புறாக்காரர் பேச்சைக் கேட்டு நீ கேபிள் வேலை பாப்பியா?

— சரிதான் தம்பி, என்னை விட்டுடு. புறா வளர்க்கிறவன் சாட்சி எந்தக் கோர்ட்டுலயும் செல்லாதுன்னு ஊருக்கே தெரியும். நீ வேலையைப் பாரு.

— என்னமோ போங்க. மேல மாட்டியாச்சு. கீழ போய் மோடத்துல மாட்டணும், அவ்வளவுதான். நாலு மணி ஆகப் போகுது, அக்கா, நீங்களும் வாங்க. அவ பக்கத்துல இருங்க.

— நீ போ. நான் இங்கயே நின்னு கேபிளைப் பாத்துக்கறேன்.

— அதுவும் நல்லதுதான். எவனாவது கிட்ட வந்தா விடாதீங்க.

— ...பையன் இறங்கிட்டான், உம்மு நதீம்.

— காது கேக்குது எனக்கு.

— மூணு தடவையும் பாத்தேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.

— விட்டிருந்தா மட்டும்? கோர்ட்டுல எந்தக் காஜி உங்க வார்த்தையை எடுப்பாரு?

— அந்தத் தைரியத்துலதானே என் கண்ணு முன்னாடியே நடந்துச்சு. ஒளிவு இல்ல, மறைவு இல்ல. நான் தானியம் போட்டுக்கிட்டு நிக்கிறேன், பட்டுனு ஒரு வெட்டு. அதுதான் எனக்கு ஆத்திரம். முப்பது வருஷமா ஒரே மாடிப்படி ஏறி இறங்கறோம். நான் ஒரு மனுஷனாவே கணக்குல இல்லையா?

— உங்க புறா ஒண்ணு போய்த் திரும்பலைன்னா என்ன பண்ணுவீங்க?

— என்ன பண்றது? இருட்டற வரைக்கும் விசிலடிச்சுக்கிட்டு நிப்பேன். மறுநாளும் நிப்பேன்.

— வருமா?

— சிலது வரும்.

— அக்கா! படியிலேருந்து பேசறேன், கேக்குதா? லைன் ஜம்முனு வந்துடுச்சு. ஹனீன் பேச ஆரம்பிச்சுட்டா, சிரிச்சுப் பேசறா. நான் கிளம்பறேன்.

— கேட்டுச்சா, உம்மு நதீம்? சிரிக்கறாளாம்.

— கேட்டுச்சு... இந்தாங்க, அபு ஃபவ்வாஸ், இந்தக் கத்தரிக்கோலைக் கூண்டுக்குள்ள போட்டுப் பூட்டுங்க, நான் எவ்வளவு கெஞ்சினாலும் அவ பேசி முடிக்கிற வரைக்கும் என் கையில கொடுத்துடாதீங்க.