எனக்குக் கேட்காத சத்தம்

புது ஃபிரிட்ஜ் வாங்கியவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே கடைக்குப் போன் செய்து, சத்தம் வருகிறது என்று புகார் சொல்வார்கள். பெரும்பாலும் அது கோளாறு இல்லை. கம்ப்ரஸர் ஓடும்போது ஊங் என்று இரையும். நிற்கும்போது ஒருமுறை உலுக்கிக்கொண்டு நிற்கும். குழாய்க்குள் திரவமும் வாயுவும் கலந்து ஓடுவது, தொண்டையில் தண்ணீர் இறங்குவதுபோல் களக் களக்கென்று கேட்கும். குளிரில் சுருங்கும் பிளாஸ்டிக் சுவர், யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் டக்கென்று சொடுக்கும். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். இதை யாருக்கும் புரியும்படி என்னால் சொல்ல முடியும்.

என் மாமியார் தீர்த்தம்மாளுக்கு நான் சொல்லவில்லை.

அவர் நல்லவர். கல்யாணமாகிப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வந்த புதிதில் நான் யாரிடமும் பேச மாட்டேன். "உம் மருமவ வாயத் தொறக்க என்ன கூலி கேக்கறா?" என்று பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் கேலி செய்வார். "ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தா கேக்கறதுக்கு ஆளு வேண்டாமா" என்பார் அத்தை. விடிந்தால் மரவள்ளிக் காட்டுக்குப் போய்விடுவார். பொழுது சாய்ந்துதான் வருவார், வாசல் திண்ணையில்தான் படுப்பார். என் சீரோடு வந்த ஃபிரிட்ஜ் ஹாலில் இருந்தது. அது சத்தம் போடும் என்பதே அவருக்குத் தெரியாது.

என் கணவர் அருள்குமாருக்கு ஓசூரில் வேலை. எனக்கும் அங்கே ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். வீடு பார்த்து வைத்திருந்தோம். சித்திரையில் மாமனார் கிருஷ்ணப்பன் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார்.

அருள்குமார் அப்போது கம்பெனி வேலையாகக் குஜராத்தில் இருந்தார். அவர் வரும்வரை உடலை வைத்திருக்க அரூரிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். எங்கள் ஹாலில் பெரிய பிளக் ஒன்றுதான் உண்டு. ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டு அதில் ஐஸ் பெட்டியைச் சொருகினார்கள். அத்தை பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் ஆவி படியும்போதெல்லாம் முந்தானையால் துடைத்துவிட்டு மாமனாரின் முகத்தைப் பார்த்தார். காட்டு மூலையில் அடக்கம் முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஃபிரிட்ஜை மறுபடி சொருகினேன்.

கருமாதி முடிந்தும் சில வாரம் வாசல் தாண்டக் கூடாது என்று அத்தையை மூலையில் உட்கார வைத்தார்கள். ஃபிரிட்ஜை ஒட்டிய மூலை அது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் பகல் முழுக்க வீட்டுக்குள் இருந்தார்.

நாத்தனார் சோபனா கம்பைநல்லூரிலிருந்து வந்து, "எங்கூட வந்துரும்மா" என்று கூப்பிட்டாள். "எங்காட்ட வுட்டுட்டு எங்க வருவேன்" என்று அத்தை மறுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அருள்குமார் என்னிடம், "அம்மாவத் தனியா வுட முடியாது. ஓசூரு இப்ப வேண்டாம், நீ இங்கயே இரு" என்றார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் சமையலறையிலிருந்து வந்தபோது அத்தை சுவரில் சாய்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம் புள்ள, உனக்கு ஒண்ணும் கேக்கலயா?"

"என்னங்கத்தை?"

"அதே ஐஸ் பெட்டிச் சத்தம். உள்ளருந்து தட்டற மாதிரியும் கேக்குது."

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியிலும் இதே மாதிரிக் கம்ப்ரஸர்தான்.

"இல்லைங்கத்தை. எனக்கு எதும் கேக்கலைங்க."

அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த வீட்டில் இருக்கக் கொஞ்சம் பயம் வந்தால் மகள் வீட்டுக்குப் போய்விடுவார் என்று தோன்றியது. அங்கே அவருக்கு ஒரு குறையும் இருக்காது. எல்லோருக்கும் நல்லது.

அன்றிரவு அத்தை அருள்குமாரிடமும் கேட்டார். "ஃபிரிட்ஜுன்னா சத்தம் போடத்தாம்மா செய்யும்" என்று அவர் சிரித்தார். "அப்ப ஏன் அவளுக்குக் கேக்கல? அவ படிச்ச புள்ள" என்றார் அத்தை. அருள்குமார் என்னைப் பார்த்தார். "ஊங்கற சத்தம் லேசாக் கேக்குதுங்க. அத்தை சொல்ற மாதிரி தட்டற சத்தமெல்லாம் கேக்கலைங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

வெயில் கடுமையாக இருந்தது. பால் கெட்டுவிடக் கூடாது என்று ஃபிரிட்ஜில் குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசி எண்ணுக்கு வைத்தேன். கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடியது. நடக்க இடைஞ்சலாக இருந்ததால் ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். சுவரில் பட்டால் அதிர்வு பெருகும் என்பது எனக்குத் தெரியும். இடமும் நிஜமாகவே குறுகல்தான்.

அத்தை சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். களக் களக்கென்று கேட்டால், "தண்ணி கேக்கறாரு" என்று சொம்பை எடுத்து வருவார். ஒருநாள் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொம்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடியில ஆவி படிஞ்சுதே புள்ள. தொடைக்கத் தொடைக்கப் படிஞ்சுது. அது அவரு மூச்சா?"

நான் உரிப்பதை நிறுத்தவில்லை.

"உசுரோட இருந்தவரையா உள்ள வெச்சு மூடுனோம்? நீ படிச்சிருக்கியே, சொல்லு."

ஆவி கண்ணாடிக்கு வெளிப்புறம் படிந்தது. அதனால்தான் அவரால் முந்தானையால் துடைக்க முடிந்தது. கூட்டம் நிறைந்த ஹாலில் சில்லென்ற கண்ணாடி மேல் காற்றின் ஈரம் படிவது இயல்பு. குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் மேல் வேர்ப்பது போலத்தான். அந்தச் சொம்பைக் காட்டியே சொல்லியிருக்கலாம். அவர் கையிலேயே இருந்தது.

"தெரியலைங்கத்தை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வாரச் சந்தையன்று நான் காய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பக்கத்துக் காட்டு மாதையன் எதிரே ஓடி வந்தார். "ஓடியாம்மா, உங்க மாமியா குழியத் தோண்டுது" என்றார். நல்ல வெயில். அத்தை மாமனாரின் குழிமேட்டில் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தார். மண்வெட்டியின் காம்பு உடைந்து ஓரமாகக் கிடந்தது. கையால் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். நகங்களில் ரத்தம். "வந்துட்டங்க, வந்துட்டங்க" என்று கீழே பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

சோபனாவின் வீட்டில் அவரைச் சேர்க்கவில்லை. அவளுடைய மாமியார் பயந்துவிட்டார். சேலத்துப் பக்கம் ஒரு மனநல இல்லத்தில் சேர்த்தோம். தட்டும் சத்தம் வீட்டில் வேறு யாருக்காவது கேட்டதா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அருள்குமார் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

கம்பெனியில் சொன்னபடி ஜூன் மாதமே நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். ஃபிரிட்ஜையும் ஓசூருக்குக் கொண்டு வந்துவிட்டோம். அது சுவரிலிருந்து தள்ளி, ரப்பர் கட்டைகளின் மேல் நிற்கிறது. பெரிதாகச் சத்தமில்லை. ஆனாலும் கம்ப்ரஸர் நிற்கும் ஒவ்வொரு முறையும் என் கை செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறது. டக்கென்ற சத்தம் வரும்வரை காத்திருக்கிறேன். அருள்குமார் ஏன் என்று கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனோம். மெலிந்துவிட்டார். அருள்குமார் வெளியே போனதும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். உண்மையாகவே வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கயும் தட்டறாரு புள்ள. ஆனா உனக்குக் கேக்கல இல்ல?"

"கேக்கலைங்கத்தை."

"அது போதும். நீ பயந்த புள்ள, உன்னால தாங்க முடியாது. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் எல்லாம் கேட்டது என்று இனிமேல் சொன்னால், அவருக்கு மிச்சமிருக்கும் அந்த ஒரு நிம்மதியும் போய்விடும். அதைப் பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.