தனி வீட்டு நிம்மதி

“தனி வீடு கெடச்சதுலருந்து நிம்மதியே போச்சுக்கா.”

பூனாகலையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். ஜன்னலைப் பார்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த அக்கா, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முன்பு அவளுக்கு அடுத்த காம்பராக்காரியாம், அதாவது அடுத்த அறைக்காரி.

“ஏன்டி, கூரை ஒழுகுதா?”

“ஒழுகலக்கா. சத்தமே இல்ல. லயத்துல ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. நீங்களும் மாமாவும் சண்ட போடுறத கேட்டா, நம்ம வீட்டுக்காரரு எவ்வளவோ தேவலன்னு மனசு லேசாயிரும். இப்ப ஒத்துப் பாக்க ஆளில்ல. அவரு கொறதான் கண்ணுல படுது.”

“நாங்களும் இப்ப சண்ட போடுறதில்லடி.”

“சமாதானமாயிட்டீங்களா?”

“எங்க! நான் கத்துனா, நீ செவுத்தத் தட்டி ‘அக்கா சொல்றதுதான் சரி’ம்ப. இப்ப நியாயம் சொல்ல ஆளில்ல. வெறும் செவுத்துக்கிட்ட எவ்வளவு நேரம் கத்துறது?”

இறங்கும் இடம் வந்ததும் தனி வீட்டுக்காரி எழுந்தாள்.

“ஞாயித்துக்கெழம மாமாவோட சாப்பிட வாங்கக்கா.”

“கண்டிப்பா வர்றோம். வழியிலயே சண்டய ஆரம்பிச்சிராம, அவர பத்தரமா கூட்டியாறேன்.”