எந்த ஊர்ப் பத்து மணி

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போகும் மதிய பஸ். என் முன் இருக்கையில் ஒரு பெண், பக்கத்தில் அவளுடைய தாய்மாமன். அவளைப் பெற்ற அத்தா அன்று காலை மன்னார்குடியில் இறந்துபோயிருந்தார். அடக்கத்துக்கு அண்ணன் துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

“பத்து மணிக்கு பிளைட்டு. நாலு மணி நேரம். ரெண்டுக்குத் திருச்சி, நாலுக்கு வீடு. சாயங்காலம் அஸர் தொழுததும் எடுத்துடலாம்னு ஜமாத்துல சொல்லிட்டேன்” என்றார் மாமன்.

“பத்து மணின்னா எந்த ஊர்ப் பத்து மணி, மாமு?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“டிக்கெட்டுல துபாய் நேரந்தான போட்டிருக்கும். நமக்கு அப்ப பதினொன்றரை. அவன் திருச்சில எறங்கவே மூணரை ஆயிடும். வீட்டுக்கு வர அஞ்சரை. இத்தன வருஷம் சவூதில இருந்தீங்க, இது தெரியலயா?”

மாமன் போனை எடுத்துப் பள்ளிவாசல் இமாமை அழைத்தார்.

“ஹஜ்ரத், பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகை வரைக்கும் பொறுக்க முடியுங்களா? புள்ள மொகம் பாக்கணும்.” வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரிங்க.”

“என்ன சொன்னாங்க?”

“மய்யித்த ரொம்ப நேரம் வைக்கக் கூடாதுங்கறாங்க. மஃரிப் வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்கு மேல கேக்காதீங்கன்னுட்டாங்க.”

நீடாமங்கலத்தில் பஸ் நின்றது. கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன.

அவள் எட்டிப் பார்த்தாள். “அண்ணன் இந்த வழியா வரக் கூடாது மாமு. வடுவூர் வழியா வரச் சொல்லுங்க.”

அவர் அழைத்துப் பார்த்தார்.

“போன் ஆஃப்ல இருக்கும்மா. அவன் இன்னும் கடல் மேலதான் இருக்கான்.”