அக்காவிடம் மிஞ்சிய ஒரே சொல்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் அவர்களே! அறிவிலும் அகவையிலும் மூத்த சான்றோர்களே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

மொழி இல்லாமல் மனிதனால் சிந்திக்க முடியுமா? அறிஞர்கள் வாதாடட்டும். நான் என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். மூன்று மொழிகள் அவள் நாவில் விளையாடும். சாட்சி முணுமுணுத்தாலும் முழுமையாகச் சொல்வாள். வழக்கறிஞர் முழங்கினாலும் முத்தாகச் சுருக்குவாள். ஒருநாள் காலை, தலை வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது, மொழி பிழைக்கவில்லை. மும்மொழியும் போய், மிஞ்சியது ஒரே சொல்: "போதும்."

பசித்தாலும் போதும். வலித்தாலும் போதும். வாசலில் யார் வந்து நின்றாலும் போதும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவளும் சிரித்தாள். ஆனால் அவள் மகன் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு இனிமே ஒண்ணும் புரியாது சித்தி. வீட்டை வித்துட்டு, நல்ல பராமரிப்பு இல்லமாப் பாத்துச் சேத்துடலாம்."

"அவகிட்ட கேட்டியாப்பா?"

"கேட்டேன். போதும்னு சொன்னாங்க."

அவன் கெட்டவன் அல்லன்; களைத்தவன். இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் உழைத்து, கண்கள் குழிவிழுந்து கிடந்தான்.

ஒருநாள் மாலை, வீட்டை விலைபேச ஆள் வருவதாக இருந்தது. அன்று மதியம் அண்ணன் வந்து, அவளுக்குப் பொழுது போகட்டும் என்று சீட்டுக் கட்டைப் பிரித்தார். எங்கள் அண்ணன் நாணயமானவர், சீட்டாட்டம் தவிர! என்ன கேட்கிறீர்கள்? ஆமாம், வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறாரே, அவரேதான்! ஜோக்கரை நைசாகத் தொடைக்கு அடியில் தள்ளினார். அக்காவின் இடது கை பாய்ந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், ஜோக்கரை உருவி மேசைமேல் அறைந்தாள். "போதும்!"

அறையே அதிர்ந்தது. ஆட்டம் புரிகிறது, ஏமாற்றுவதும் புரிகிறது. அவளுக்கா ஒன்றும் புரியாது?

மறுநாளே பேச்சுப் பயிற்சி தரும் அம்மையாரை அழைத்து வந்தோம். இரண்டு படங்களை அக்காவின் முன் வைத்தார். ஒன்று அவள் வீடு, மற்றொன்று அந்தப் பராமரிப்பு இல்லம். "எங்க இருக்கணும்? தொட்டுக் காட்டுங்க." வீட்டைத் தொட்டாள். படங்களை இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் வீட்டையே தொட்டாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, அவன் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை விரலால் மெல்லத் தடவினாள். அவன் உடைந்து அழுதான்.

வீட்டை விற்கவில்லை. பகலில் உதவிக்கு ஓர் ஆள் வைத்தோம். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தயங்கித் தயங்கி, தடுமாறித் தடுமாறி. ஒருநாள் கேட்டேன்: "பேச்சே இல்லாம இருந்தியே அக்கா, அப்ப உள்ள என்னதான் இருந்துச்சு?"

நெடுநேரம் தேடினாள். "எல்லாம்... இருந்துச்சு. கேக்கத்தான்... ஆளில்ல."

அன்புடையீர்! மொழி, சிந்தனை நடந்துவரும் வீதி. வீதி இடிந்தால் வீடும் இடிந்தது என்று எப்படிச் சொல்வோம்? வர வழியில்லாதவர்களைத் தேடி நாம் போக வேண்டாமா? வாய் திறக்காதவர் முன் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டாமா?

பேச மேடை தந்தவர்களுக்கும், கேட்கக் காது தந்த உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.