வெள்ளைப் பூச்சில் விழுந்த கோடு

எனக்கு அவசரம் பிடிக்காது, இன்ஸ்பெக்டர். அவசரப்பட்டால் நல்ல இரும்பும் கெட்டுப்போகும், நல்ல வாக்குமூலமும் கெட்டுப்போகும். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெர்மன்காரனோடு சண்டை நடப்பதால் கவென்ட்ரியில் எல்லோருக்கும் பரபரப்பு. எங்கள் கொட்டகையில் புது விமான இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு அடிக்கடி தலை முறிந்து விழுந்தது. வால்வுக்கு இரும்பு தேர்ந்தெடுப்பதும் சோதிப்பதும் என் வேலை. இன்ஜினை வடிவமைத்தவர் ஹாதர்சேஜ். புகைப்பாதையைச் சுற்றித் தண்ணீர் ஓட அவர் இடம் விடவில்லை, அதனால் வால்வின் கழுத்து வெந்து முறிகிறது என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"உன் இரும்புல கழுதைக்கு லாடம் அடிக்கலாம், பார்கெட்டர். இன்னும் ஒண்ணு உடையட்டும், நீ வீட்டுக்குக் கிளம்பு."

அந்தச் சிரிப்பை வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

நான் சொன்னதை நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. முறிந்த தலை சிலிண்டருக்குள் விழுந்ததும் பிஸ்டன் அதை இடித்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும். முறிந்த முகம், அதாவது உடைந்த பரப்பு, சிதையாமல் கிடைக்க வேண்டுமென்றால், அந்த நொடியே இன்ஜினை நிறுத்த வேண்டும். கொட்டகை ஆட்கள் சோம்பேறிகள். விமானி டன்மோவுக்குத்தான் அந்தக் கைவேகம் உண்டு.

டன்மோ ஓட்டும் விமானத்தின் இன்ஜினில் ஏற்கெனவே ஓடிய ஒரு வால்வைக் கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கோடு விழும். விழுந்தது, கழுத்தில், நான் சொன்ன அதே இடத்தில். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பொடியைத் துடைத்துவிட்டு அந்த வால்வையே திரும்ப மாட்டினேன்.

டன்மோ ஏறும்போது கிண்டலாகக் கேட்டான்: "என்னய்யா, உம்ம பிள்ளைக்கு இன்னைக்காவது உடம்பு தேவலையா?"

"நல்லாத்தான் இருக்கு. மைதானத்தை விட்டுப் போகாதே தம்பி, தாழ்வாவே சுத்து."

உயரத்தில் இருந்திருந்தால், இன்ஜின் நின்ற பிறகும் மிதந்து இறங்கியிருப்பான். ஆனால் தூரத்து வயல் எதிலாவது இறங்கியிருப்பான், ஹாதர்சேஜின் ஆட்கள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதற்கு நான் இடம் கொடுக்க முடியாது.

டன்மோ சொன்னபடி கேட்டான். மரங்களில் மோதினான். எல்லோரும் அவனிடம் ஓடினார்கள், நான் இன்ஜினிடம் ஓடினேன். வால்வு முறிந்த நொடியே நிறுத்தியிருந்தான். முறிந்த முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை.

தாழ்வாகப் பறந்துகொண்டே இன்ஜினை நிறுத்தியது விமானியின் தவறு என்று விசாரணைக் குழு எழுதப் போனது. ஹாதர்சேஜ் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அந்த முறிந்த வால்வைக் காட்டினேன். பாதி முகம் கறுத்திருந்தது, அது சூட்டில் வந்த பழைய விரிசல். மீதி பளபளத்தது, அது அன்று முறிந்தது.

"அப்படின்னா பறக்கறதுக்கு முன்னாடியே விரிசல் இருந்திருக்கே? வால்வைச் சோதிச்சது யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

ஆம், தெரிந்தேதான் மாட்டினேன். கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே 'பழுதான இரும்பு' என்று இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இரும்பில் ஒரு குறையும் இல்லை.